அங்கன்வாடிக் கணக்கும் நம் குழந்தைகளும்

நம் மைசூர் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டில் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் சோதனையாகத் தொடங்கப்பட்டபோது, கர்நாடகத்தில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் டி.நரசிபுரா. இன்று இம்மாநிலத்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் அங்கன்வாடிகளுக்கு வேர் அங்கேதான். நான் எழுத வந்தது அங்கே கொடுக்கும் முட்டையையும் பாலையும் பற்றி அல்ல; அங்கே எழுதும் கணக்கைப் பற்றி. குழந்தையின் எடை என்ன, உயரம் என்ன, எத்தனை மாதத்தில் உட்கார்ந்தது, எத்தனை சொல் பேசுகிறது என்ற கணக்கு. ஒரு குழந்தைக்கு உதவி வேண்டுமா, கொடுத்த உதவி பலித்ததா என்று தீர்மானிப்பது அதுதான்.

இந்தக் கணக்கு எவ்வளவு நம்பத் தக்கது? 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற எடை இல்லாதவர் 32.1 சதவீதம்; உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர் 19.3 சதவீதம். அங்கன்வாடி ஊழியர்கள் கைபேசியில் பதியும் 'போஷன் டிராக்கர்' கணக்கில், 2024-இல் எடை குறைந்தவர் சுமார் 17 சதவீதம், மெலிந்தவர் சுமார் 6 சதவீதம்தான். வளர்ச்சி குன்றியவர் மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று, 35, 36 என்று வருகிறது. இரண்டும் ஒரே குழந்தைகளை அளந்தவை அல்ல, காலமும் வேறு என்பது உண்மை. ஆனாலும் உயரம் ஒத்துப்போய், எடை மட்டும் இவ்வளவு வித்தியாசப்பட்டால், ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவனுக்கு முதலில் தோன்றுவது, 'தராசைப் பார்' என்பதுதான்.

ரயில்வேயில் சக்கரத்தைக் கடைந்தவர் ஒருவர், அளந்து கையெழுத்திடுபவர் வேறொருவர். அளக்கிற கேஜையே குறிப்பிட்ட நாளில் அனுப்பிச் சோதித்து வாங்குவோம். ஒரு பக்கம் முழுக்க ஒரே அளவு எழுதியிருந்தால் மேலதிகாரி பாராட்ட மாட்டார். மறுபடி அளக்கச் சொல்வார். அங்கன்வாடியில் சமைப்பதும், பாடம் சொல்வதும், அளப்பதும், பதிவதும் ஒரே பெண்மணி. அவர் வாங்குவது சம்பளம்கூட அல்ல, மதிப்பூதியம். மெலிந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடினால் 'உன் சென்டரில் ஏன் இப்படி?' என்று கேள்வி வரும். கேள்விக்குப் பயந்து எழுதும் எண்ணில் குழந்தை இருக்காது. குறை அந்தப் பெண்மணியுடையது என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது.

அளப்பதிலும் நுட்பம் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து நீளம் பார்க்க வேண்டும். அதற்கு மேல் நிற்க வைத்து உயரம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் 0.7 செ.மீ. வித்தியாசம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அளவுமுறையே கணக்கில் கொள்கிறது. வயது ஒரு மாதம் தவறினாலும் குழந்தை ஒரு கோட்டுக்கு மேலோ கீழோ போய்விடும்.

சரியாக எழுதினால் என்ன பலன் என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். மண்டி மொஹல்லாவில் உள்ள ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றையும் ஒழுங்காகப் பதிந்து வந்தார்கள். யாரோ ஆராய்ச்சி செய்யப் போகிறார்கள் என்று எண்ணி அல்ல, அன்றாட வேலையாக. 1990-களில் அந்தப் பதிவேடுகளை வைத்து, அங்கே பிறந்து மைசூரிலேயே வாழ்ந்த 517 பேரைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். பிறந்தபோது இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவும் இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். மூன்று கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் 3 சதவீதம். 1996-இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தது. அந்த நாளில் பிரசவ அறையில் யாராவது சோம்பலில் எல்லாருக்கும் 'ஆறு பவுண்டு' என்று எழுதியிருந்தால் இந்த உண்மை நமக்குக் கிடைத்திருக்காது.

இனி நம் வீட்டு விஷயம். நம்மவர்களில் பெரும்பாலும் முதல் பிரசவம் தாய் வீட்டில். ஈரோட்டிலோ சேலத்திலோ மதுரையிலோ. பிறந்த எடை அங்கே உள்ள அட்டையில் தமிழில் இருக்கும். ஐந்தாம் மாதம் இங்கே வரும்போது அட்டை அம்மா வீட்டு பீரோவிலேயே தங்கிவிடும். இங்கே கேட்டால் 'மூணு கிலோ இருந்தான்' என்று ஞாபகத்தில் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வசதியாகப் பிறந்த தேதியை முன்னே பின்னே நகர்த்தும் பழக்கமும் நம்மிடம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குத் தலைமை ஆசிரியர் வைத்த பிறந்த நாள்தானே!

இதைவிடப் பெரியது பேச்சு. 2013-இல் வந்த தேசிய குழந்தை நலத் திட்டத்தில் மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து, செவித்திறன், பேச்சு, வளர்ச்சித் தாமதம் உட்பட 30 குறைபாடுகளைப் பார்க்கிறார்கள். கேள்வி கன்னடத்தில். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த இரண்டு வயதுப் பிள்ளை விழிக்கிறது. 'பேச்சுத் தாமதம்' என்று எழுதிவிடலாம். அதாவது பரவாயில்லை, மறு பரிசோதனையில் தெரிந்துவிடும். 'தமிழ்ப் பிள்ளை, அதான் பதில் சொல்லவில்லை' என்று விட்டுவிட்டால், காது கேளாத பிள்ளையும் அந்தக் கணக்கில் தப்பிப் போகும். கூட நிற்கும் பாட்டியும், 'எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவாங்க' என்று பெருமையாகச் சொல்லிவிடுவார். குறையை ஒப்புக்கொண்டால் நாளைக்குப் பெண் கொடுப்பார்களா, எடுப்பார்களா என்ற பயம் அதற்குள் இருக்கிறது. பிறந்து ஒரு மாதத்துக்குள் காதைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்ற கணக்கு. 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் நம் மானசகங்கோத்ரியிலேயே இருக்கிறது. வெளிமாநிலத்திலிருந்து ரயிலேறி வருகிறார்கள். நாம் பஸ்ஸில் போகத் தயங்குகிறோம்.

அரசு செய்ய வேண்டியது ஒன்று: இருபது குழந்தைக்கு ஒன்று வீதம் வேறொரு மையத்து ஊழியர் வந்து மறுபடி அளக்கட்டும். வித்தியாசம் வந்தால் தராசையும் முறையையும் திருத்தட்டும். ஊழியருக்கு மெமோ கொடுக்க வேண்டாம். மெமோ கொடுத்தால் அடுத்த மாதமே எல்லா எண்ணும் அழகாகிவிடும்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. கன்னடமும் தமிழும் தெரிந்த சகோதரிகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மருத்துவக் குழு வரும் நாளை அங்கன்வாடியில் கேட்டு வைத்து, தமிழ்க் குழந்தைகள் அதிகமுள்ள இடங்களில் இரண்டிரண்டு பேர் போய் உட்கார்ந்தால் போதும். பிள்ளையிடம் 'அம்மா எங்கே? பூனை எங்கே?' என்று தமிழில் கேட்டு, அது என்ன செய்தது என்பதை அப்படியே கன்னடத்தில் சொல்ல வேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச விரும்புகிறேன். அதற்குள், பேரன் பேத்தியின் பிறப்பு அட்டை ஊரில் இருக்கிறவர்கள் அடுத்த முறை போகும்போது எடுத்து வந்துவிடுங்கள்.