கை உயர்த்துவதற்கா சபை?

"சபை கூடி ஏகமனதாகத் தீர்மானித்தது" எனத் திருப்பலி முடிவில் அறிவித்தல் வாசிக்கப்படும் போதெல்லாம் எனக்கு மடு நினைவுக்கு வருகிறது.

ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சுருபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன என்பது வழிவழி வரலாறு. வழிகாட்டக் குருமார் இல்லை. யோசப் வாஸ் அடிகள் இலங்கைக்கு வந்ததே 1687இல்தான். முடிவெடுத்தவர்கள் பொதுநிலையினர்.

அவர்களின் சந்ததிக்கு இன்று என்ன உரிமை? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 536ஆம் பிரிவு, பங்கின் அருட்பணிச் சபைக்கு ஆலோசனை கூறும் உரிமையை மட்டுமே தருகிறது. சரி, அந்த ஆலோசனையையாவது கேட்கிறார்களா? வன்னியில் நானறிந்த பங்கொன்றில் கோபுரத்துக்கு வரைபடம் கீறி, மேசனுக்கு முற்பணமும் கொடுத்த பின்னரே சபையைக் கூட்டினார்கள். "மறைக்கல்வி வகுப்புக் கூரை ஒழுகுகிறது, அதை முதலில் பாருங்கோ" என்றார் ஒரு தாய். "தேநீர் ஆறுகிறது" என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

2008 ஏப்ரலில், எறிகணைகளுக்கு நடுவே, மடு மாதாவைக் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றபோது ஊரைக் கூட்டிப் பேச அவகாசம் இருக்கவில்லை. அதை நான் குறைகூறேன். கோபுரம் கட்ட என்ன அவசரம்?

2024 ஒக்டோபரில் உரோமையில் முடிவுற்ற ஆயர் மன்றமே, 'ஆலோசனை மட்டும்' என்ற சொற்றொடரை மீளாய்வு செய்யக் கேட்டிருக்கிறது. அதுவரை, மறுத்தவர்களின் வார்த்தைகளையும் கூட்டக் குறிப்பில் எழுதி, பீடத்தில் நின்று வாசியுங்கள் சுவாமி.