மாதவிடாய் நிற்கும் வயதுக்கும் மருத்துவம் வேண்டும்

தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை ஒரு பெண்ணை அவருடைய வாழ்நாளில் பலமுறை தேடிச் செல்கிறது. வளரிளம் பருவத்தில் ‘புதுயுகம்’ திட்டத்தின் கீழ் விலையில்லா சானிட்டரி நாப்கின் தருகிறது. கருவுற்றால் ‘பிக்மி’ என்ற கர்ப்பப் பதிவு எண் கொடுத்துப் பேறுகாலம் வரை எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறது. 30 வயதைக் கடந்தால் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கிறது. மாதவிடாய் தொடங்குவதையும் தாய்மையையும் இவ்வளவு அக்கறையோடு பின்தொடரும் இந்த அமைப்பு, அதே மாதவிடாய் நிற்கும் ஆண்டுகளுக்கு இதற்கு நிகரான கவனத்தை அளித்ததில்லை. பூப்பெய்தியதை ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு விழாவாகக் கொண்டாடும் சமூகமும், மாதவிடாய் நின்றுபோவதைப் பற்றி அடுப்படியில்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறது. அந்த ஆண்டுகளில் பல பெண்களை அலைக்கழிக்கும் மனப்பதற்றம் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டிய சொந்தத் தொல்லையாக விடப்பட்டிருப்பது நியாயமல்ல. அதைக் கேட்டறிவதும் கவனிப்பதும் குடும்பத்தின், பணியிடத்தின், அரசு மருத்துவத்தின் வழக்கமான வேலைகளுள் ஒன்றாக ஆக வேண்டும்.

வேறு காரணம் எதுவுமின்றித் தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நிரந்தரமாக நின்றுவிட்டதாக மருத்துவம் கணக்கிடுகிறது. மேற்கத்திய நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ, இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயது வாக்கிலேயே வந்துவிடுகிறது. ஆனால் உண்மையான தொல்லை நின்றபின் தொடங்குவதில்லை. நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில், மாதவிடாய் ஒரு மாதம் தள்ளியும் ஒரு மாதம் முந்தியும், சில சமயம் பெருக்கெடுத்தும் வரும் மாறுநிலைப் பருவத்தில்தான் பதற்றம் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. இன்னும் மாதவிடாய் வந்துகொண்டிருப்பதால், தன் படபடப்புக்கும் அதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணமே அந்தப் பெண்ணுக்கு வருவதில்லை. எதிரில் உட்கார்ந்து மருந்துச்சீட்டு எழுதும் மருத்துவருக்கும் பல நேரங்களில் வருவதில்லை.

உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், கருப்பையோடு நின்றுவிடாமல், மனநிலையைச் சீராக வைத்திருக்கும் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளின் இயக்கத்திலும் பங்கு கொள்கிறது. அதன் இணை ஹார்மோனான புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் மூளையின் பரபரப்பைத் தணித்துத் தூக்கத்துக்கு உதவுகிறது. மாறுநிலைப் பருவத்தில் இவை படிப்படியாகக் குறையாமல் ஏறியும் இறங்கியும் தாறுமாறாக அலைவதுதான் மூளைக்குச் சிரமம். கூடவே, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி அளவு மீறிய கூருணர்ச்சி கொண்டுவிடுவதால், சிறிதளவு வெப்ப மாற்றத்துக்கே அது உடலைக் குளிர்விக்க முனைகிறது. மார்பிலிருந்து முகம்வரை அனல் பரவி, வியர்த்து, இதயம் அடித்துக்கொள்கிறது. இந்த வெப்ப அலை நள்ளிரவில் வரும்போது, இரண்டு மணிக்கு ரவிக்கை நனைந்து விழித்தெழும் பெண் முதலில் உணர்வது நெஞ்சின் படபடப்பைத்தான். காரணமில்லாமல் அடிக்கும் நெஞ்சுக்கு மனம் ஒரு காரணத்தைத் தேடுகிறது. மகளின் வரன், மகனின் கல்லூரிக் கட்டணம், குழுக்கடன் தவணை என்று அது கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொள்கிறது. விடியும்வரை தூக்கம் இல்லை, மறுநாள் சிடுசிடுப்பு, அந்தச் சிடுசிடுப்புக்காகக் குற்றவுணர்வு, இரவு வந்தால் மீண்டும் தூக்கம் வராதோ என்ற பயம் எனப் பதற்றம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

இதை மனத்திடம் இல்லாதவர்களின் கோளாறாகக் காணும் பார்வை பரவலானது, அது தவறும்கூட. நடுவயதுப் பெண்களின் உடல்நலத்தைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிப்பதற்காக 1996-இல் அமெரிக்காவின் ஏழு மையங்களில், பல இனங்களைச் சேர்ந்த 3,300-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துத் தொடங்கப்பட்ட ‘ஸ்வான்’ ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. அதன் பதற்றம் குறித்த முடிவுகள், முன்பே பதற்ற இயல்பு கொண்டிருந்தவர்களுக்கு அது எல்லாக் கட்டங்களிலும் நீடித்ததையும், முன்பு அமைதியானவர்களாக இருந்தவர்களுக்கோ மாறுநிலைப் பருவத்திலும் அதன் பின்னரும் கடும் பதற்றம் தோன்றும் வாய்ப்பு கூடியதையும் காட்டின. பல்லாண்டுகள் எதற்கும் கலங்காமல் வீட்டைத் தாங்கிய ஒரு பெண் திடீரென்று பேருந்தில் தனியாக ஏறப் பயப்பட்டால், அவருடைய குணம் கெட்டுவிட்டதாகவோ, காற்றுக் கருப்பு பட்டுவிட்டதாகவோ பேசுவதற்கு முன் இந்த முடிவை ஒருமுறை நினைத்துப்பார்க்கலாம்.

சுயபராமரிப்பு என்ற பெயரில் பெண்களுக்கு வழங்கப்படும் அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை; அவற்றில் பல பயனுள்ளவை என்பதையும் மறுப்பதற்கில்லை. படபடப்பு எழும்போது மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளியே விட்டு, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் சில நிமிடங்கள் தொடர்வது உடலின் பரபரப்பைத் தணிக்கிறது. அன்றாட நடையும், தசைக்கு வேலை தரும் பயிற்சியும் தூக்கத்துக்கும் எலும்புக்கும் ஒருங்கே உதவுகின்றன. மாலை நான்கு மணிக்குப் பிறகு காபியையும் கடுந்தேநீரையும் தவிர்ப்பதால் சிலருக்கு இரவு விழிப்பு குறைகிறது. எப்போது அனல் எழுந்தது, எவ்வளவு தூங்க முடிந்தது, மாதவிடாய் என்று வந்தது என்பதைத் தினசரி நாள்காட்டியின் தாளிலேயே குறித்து வைத்தால், இரண்டு மூன்று மாதங்களில் பதற்றத்தின் போக்கு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. மருத்துவரிடம் பேசுவதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

ஆனால் இந்த அறிவுரைகள் அனைத்தும் யாரோ ஒருவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரத்தைத் தந்துவிட்டதாக வைத்துக்கொண்டே எழுதப்படுகின்றன. காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி, மாமியாரின் மாத்திரை வேளையில் நடந்து, இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கவிழ்ப்பதில் முடியும் நாளில் நடைப்பயிற்சிக்கான அரைமணி எங்கிருந்து வரும் என்பதை அறிவுரை சொல்பவர்கள் சொல்வதில்லை. வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாத வீட்டில் சுயபராமரிப்பு என்பது அவர் செய்து முடிக்க வேண்டிய இன்னொரு வேலையாகவே சேர்கிறது. செய்ய முடியாமற்போனால், தன்னைக் கவனித்துக்கொள்ளத் தவறியதும் அவர் குற்றமாகிவிடுகிறது. ஆகவே பிறர் ஆதரவைச் சுயபராமரிப்பின் மேல் தூவும் அலங்காரமாகக் கருத முடியாது. அது இருந்தால்தான் இது நடக்கும்.

அந்த ஆதரவு ஆறுதல் சொற்களோடு முடிந்துவிடவும் கூடாது. ‘வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்’ என்ற பேச்சு நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும், கேட்பவரின் வாயை அடைப்பதில்தான் முடிகிறது. கணவர் இரவுச் சமையலையோ முதியவர் பராமரிப்பையோ வாரத்தில் சில நாள்களுக்கு முழுப்பொறுப்பாக ஏற்பது, மருத்துவமனைக்கு உடன் சென்று சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, இரவில் மின்விசிறியைக் கூட்டுவதற்கும் தனிப் பாயில் படுப்பதற்கும் முகம் சுளிக்காதிருப்பது ஆகியவை எளிமையானவை. எளிமையானவை என்பதாலேயே பல வீடுகளில் செய்யப்படாதவை. தாம்பத்திய உறவில் ஆர்வம் குறைவதும் வலி ஏற்படுவதும் இப்பருவத்தில் உடல் சார்ந்த மாற்றங்கள் என்பதை ஆண்கள் அறியாதிருப்பதால், அது வெறுப்பாகவும் சந்தேகமாகவும் திரிந்து, பதற்றத்துக்குப் பதில் சொல்லவேண்டிய வீடே பதற்றத்தின் ஊற்றாகிவிடுவதும் உண்டு. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் கடன் கணக்கு முடிந்தபின் இதைப் பற்றி வாய்திறக்கும் பெண்கள், தமக்கு மட்டும்தான் இப்படி என்ற அச்சத்திலிருந்தேனும் விடுபடுகிறார்கள்.

மருத்துவத்தின் பக்கம் திரும்பினால் பிழைகள் இன்னும் கூடுதலான விலையைக் கேட்கின்றன. நெஞ்சு படபடக்கிறது என்று வரும் பெண்ணுக்கு ஈசிஜி எடுத்து, ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவது முதல் பிழை. ஈசிஜி எடுப்பது அவசியம்தான். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இதயநோய் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் இதயம் நன்றாக இருக்கிறது என்பதால் அந்தப் பெண் நன்றாக இருக்கிறார் என்று ஆகிவிடாது. தைராய்டு சுரப்பி மிகுதியாக வேலை செய்தாலும் இரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். இந்தியப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு கூறும் நிலையில், இவ்விரண்டையும் பார்க்காமல் முடிவுக்கு வருவது பொறுப்பான மருத்துவம் ஆகாது. இரண்டாவது பிழை தூக்க மாத்திரை. அல்பிரசோலம் போன்றவை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவை. பழைய சீட்டைக் காட்டியோ, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பெயரைச் சொல்லியோ மெடிக்கல் கடைகளில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால், பதற்றத்தோடு பழக்க அடிமைத்தனமும் சேர்ந்துகொள்கிறது. மூன்றாவது, ஒழுங்கற்ற உதிரப்போக்குக்கு ஒரே தீர்வாகக் கருப்பையை எடுத்துவிடுவது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே இந்த அறுவைக்கு ஆளானது 2019-இல் நாட்டை அதிரவைத்தது. கருப்பையோடு சினைப்பைகளும் அகற்றப்பட்டால், ஆண்டுக்கணக்கில் நிகழ வேண்டிய ஹார்மோன் வீழ்ச்சி ஒரே நாளில் நிகழ்ந்து, வெப்ப அலையும் பதற்றமும் கடுமையாகத் தாக்குகின்றன. இதை அறுவைக்கு முன்பே விளக்கிச் சொல்லும் கடமை மருத்துவருக்கு உண்டு.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றிப் பதற்றத்தைக் கையாளக் கற்பிக்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சையை, மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பதற்றத்துக்குப் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு தனது வழிகாட்டு நெறிகளில் 2015-லேயே சேர்த்தது. குறையும் ஹார்மோனை ஈடுசெய்யும் ஹார்மோன் சிகிச்சையைப் பொறுத்தவரை, அதன்மீது படிந்த அச்சத்துக்கு 2002 ஜூலையில் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வே பெரிதும் காரணம். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதாக அன்று வந்த செய்தி உலகெங்கும் பரவியது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்ற விவரம் அவ்வளவு தூரம் பரவவில்லை. 60 வயதுக்கு உட்பட்ட, மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகள் ஆகாத, வேறு தடைகள் இல்லாத பெண்களுக்குக் கடும் வெப்ப அலையைத் தணிப்பதில் இச்சிகிச்சையின் நன்மை பொதுவாகத் தீமையை விஞ்சும் என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோயோ இரத்த உறைவோ ஏற்பட்டவர்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் உள்ளன. மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் இரத்தம் பட்டாலும், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தாலும் மருத்துவரைப் பார்ப்பதை ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது.

பணியிடங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்த பெண்களுக்கு உட்காரும் உரிமையை 2021-இல் சட்டத்திருத்தம் மூலம் வழங்கிய மாநிலம் தமிழ்நாடு. அதே நோக்கில், காற்றோட்டமான இடமும், குடிநீரும், தாழிடக்கூடிய கழிப்பறையும், இரவுப்பணியிலிருந்து தற்காலிக விலக்குக் கேட்கும் வாய்ப்பும் நடுவயதுப் பெண்களுக்கு உறுதிசெய்யப்படலாம். சித்திரை வெயிலில் ஊரக வேலைத் தளத்தில் மண் சுமக்கும் பெண்ணுக்கு உள்ளிருந்தும் அனல் எழும்போது நிழற்பந்தல் என்பது சலுகைக் கணக்கில் வராது.

எல்லாவற்றிலும் முதலாவதாகச் செய்யத்தக்கது, ஏற்கெனவே இயங்கும் ஒரு திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. வாசலில் நிற்பவர் பெரும்பாலும் அதே ஊரின் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண் தன்னார்வலர். ஆண் மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதை அவரிடம் சொல்வதற்கு யாரும் தயங்கமாட்டார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில், தூக்கம் எப்படி இருக்கிறது, படபடப்பு உண்டா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்ற மூன்று கேள்விகளைச் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. விடைகளைப் பொறுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தைராய்டு, இரத்தசோகைப் பரிசோதனைக்கும், தேவையெனில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமும் அனுப்பலாம். தொலைபேசியில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசக்கூடிய ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணை மருந்து அட்டையின் பின்பக்கம் அச்சிட்டுக் கொடுக்கலாம்.

கேட்டுவிட்டு அனுப்ப இடமில்லாமல் போனால் என்ன பயன் என்ற ஆட்சேபம் எழலாம். அது சரியான ஆட்சேபம். அதனால்தான் கேள்விகளுக்கு முன்பாகவே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கும் இப்பருவம் பற்றிய பயிற்சி தரப்பட வேண்டும். தன்னார்வலர்கள்மீது மேலும் ஒரு சுமையா என்ற கேள்வியும் நியாயமானதே. குறைந்த ஊக்கத்தொகையில் ஊர் ஊராக நடக்கும் அவர்களில் பலரும் இதே வயதில், இதே படபடப்போடு நடப்பவர்கள்தான். கேள்விகளைக் கூட்டும்போதே ஊக்கத்தொகையையும் கூட்டி, முதல் பரிசோதனையை அவர்களிடமிருந்தே தொடங்கும் அரசாணையைச் சுகாதாரத் துறை வெளியிடட்டும்.