யாரிடம் போய்ச் சொல்வது?

முதலாளி மீது உள்ள குறையை முதலாளியிடமே சொல்ல முடியுமா? சூப்பர்வைசர் கொடுக்கும் தொல்லையை அந்த சூப்பர்வைசரிடமே எழுதிக் கொடுக்க முடியுமா?

முடியாது. ஆனால் பல ஆலைகளிலும் கடைகளிலும் இன்று நடப்பது இதுதான். சுவரில் புகார்ப் பெட்டி தொங்குகிறது. பெட்டிக்குப் பூட்டும் இருக்கிறது. சாவி யாரிடம்? யார் மீது புகாரோ, அவரிடமே!

பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். அந்த ஊரிலேயே இந்தப் பூட்டைத் திறக்க வழி இல்லையா?

நாகல் நகர் கதை

நாகல் நகர் நெசவாளர் வாழ்ந்த பகுதி. சௌராஷ்டிரக் குடும்பங்கள் தறி போட்டுப் பிழைத்த இடம். அந்தக் காலம் பொற்காலம் ஒன்றும் அல்ல. கூலி குறைவு. நூல் கொடுத்தவரிடம் கடன். மழை பெய்தால் பாவு காயாது; அன்று அடுப்பும் எரியாது. ஆனாலும் கால் மரத்துப்போனால் தறியை விட்டு எழுந்து நாலு எட்டு நடக்க யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

இப்போது தறிகள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் மில்லுக்கும், ஜவுளிக் கடைக்கும், கம்பெனி ஆபீசுக்கும் போகிறார்கள். சம்பளம் மாதா மாதம் வருகிறது. நல்லதுதான். ஆனால் அதோடு வேறு சிலதும் வருகிறது. இத்தனை மணிக்குள் இத்தனை பீஸ் முடிக்க வேண்டும். பாத்ரூம் போனால் ஏன் இத்தனை நிமிஷம் என்று கேள்வி. கடையில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் விடுதலை இல்லை, ராத்திரி பத்து மணிக்கு செல்போன் அடிக்கிறது, "அந்தக் கணக்கு என்னாச்சு?"

வேலை கஷ்டம் என்று யாரும் அழவில்லை. உழைக்க அஞ்சும் ஊர் இது அல்ல. "மனுசனா மதிக்கலையே" என்பதுதான் வயிற்றெரிச்சல். அதைச் சொல்லலாம் என்றால் "சொன்னா சீட்டுக் கிழிஞ்சிடும்" என்ற பயம். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? இந்த மாவட்டமே ஒரு முறை பார்த்தது.

பிணமாகக் கிடந்த பெண்

2021 ஜனவரி. திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதித் துணி தைக்கும் நாச்சி அப்பேரல் என்ற ஆலையில் வேலை பார்த்த இளம் பெண் ஒருவர் காணாமல் போனார். சில நாளில் பிணமாகக் கிடந்தார். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண். அதே ஆலையின் சூப்பர்வைசர் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

அந்த சூப்பர்வைசர் பல மாதமாகவே தொல்லை கொடுத்து வந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை பார்த்த பெண்களும் கூறினார்கள். பல மாதமாக! அத்தனை நாளும் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்?

கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்லி, கிராமத்துப் பெண்களை மூன்று வருஷம் மில் விடுதியில் வைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிது அல்ல. மூன்று வருஷம் முடிந்தால்தான் மொத்தப் பணம். நடுவில் வாயைத் திறந்தால் அந்தப் பணம் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த பெண்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட மண்ணில்தான் இந்தக் கொலை நடந்தது.

திண்டுக்கல் ஒப்பந்தம்

அதற்குப் பிறகு நடந்ததையும் ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இந்த விஷயத்தை விடவில்லை. நம்மூர்த் துணியை வாங்கி விற்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கதவைத் தட்டியது. ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகள் கை கொடுத்தன.

2022 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனமும் கையெழுத்திட்டது. சரக்கு வாங்கும் சுவீடன் நாட்டு 'எச் அண்டு எம்' கம்பெனியும் கையெழுத்திட்டது. பிறகு அமெரிக்காவின் 'கேப்', 'பி.வி.எச்.' கம்பெனிகளும் சேர்ந்தன. அதற்குப் பெயரே 'திண்டுக்கல் ஒப்பந்தம்'! ஆசியாவில் துணித் தொழிலில் இப்படி ஒன்று அதுவே முதல் முறை. உலகத்தில் இதற்கு முன் 2019-ல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் மட்டுமே நடந்திருந்தது.

அதில் அப்படி என்ன இருந்தது? வேலை பார்க்கும் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்துக் கண்காணிக்க வைத்தார்கள். புகாரைச் சங்கத்திடம் சொல்லலாம். நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத வெளியாட்களிடமும் சொல்லலாம். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை வாக்கை மீறினால் சரக்கு வாங்கும் கம்பெனி கேள்வி கேட்கும். சுருக்கமாகச் சொன்னால், பெட்டியின் சாவி கை மாறியது!

பலன் என்ன? முதல் ஆண்டில் வந்த புகார்கள் 185. தீர்ந்தவை 182. பெரும்பாலானவை ஒரே வாரத்தில் தீர்ந்தன என்று ஒப்பந்தத்தை நடத்தியவர்கள் அறிக்கை கொடுத்தார்கள்.

கணக்கைக் கவனியுங்கள். ஒரே வாரத்தில் தீரக்கூடிய குறைகளைத்தான் தொழிலாளர்கள் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்க ஆள் இல்லாததுதான் வியாதி.

தொழில் கெட்டதா?

"தொழிலாளி வாயைத் திறந்தால் தொழில் படுத்துவிடும்" என்று சில முதலாளிமார்கள் சொல்வது உண்டு. இதே ஆலையைப் பார்க்கட்டும். 2022 ஜூலையில் அமெரிக்க சுங்க இலாகா இந்த ஆலையின் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. கட்டாய உழைப்புக்கு அறிகுறி தெரிகிறது என்பது காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் அந்தத் தடை நீங்கியது. நீங்கக் காரணமாக இருந்தது எது? இந்த ஒப்பந்தமும் அதன்படி நடந்த சீர்திருத்தங்களும்தான்! ஆலைக்குப் பூட்டுப் போடும் என்று பயந்த சங்கம், சரக்குக்கு வழி திறந்துவிட்டது.

கடைக்காரர்களுக்கும் சட்டம் உண்டு

"அது பெரிய மில் சமாசாரம். நமக்கென்ன?" என்று கடை முதலாளிகள் இருந்துவிட வேண்டாம். சட்டம் கடைத்தெருவுக்கும் வந்திருக்கிறது.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் எந்த இடமானாலும், பெண்களுக்கு வரும் பாலியல் தொல்லையை விசாரிக்க ஒரு குழு இருந்தே ஆக வேண்டும். இது 2013-ம் ஆண்டுச் சட்டம். ஜனங்கள் 'விசாகா கமிட்டி' என்று சொல்வது இதைத்தான். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியாள் ஒருவரும் வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்! பத்துப் பேருக்குக் குறைவான கடையா? அவர்களுக்கு மாவட்ட அளவில் தனிக் குழு உண்டு.

இன்னொன்று, நாற்காலி. கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. வியாபாரம் இல்லாத நேரத்தில் ஒரு பிள்ளை ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் கல்லா குறைந்துவிடுமா? கல்லாவில் இருக்கிற அண்ணாச்சியும் நாள் பூராவும் உட்கார்ந்துதானே இருக்கிறார்! ஆனால் நாற்காலி இருந்தும் உட்காரப் பயப்படும் கடைகள் உண்டு. காரணம் கேமரா. முதலாளி வீட்டில் இருந்தபடியே செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாரே!

என்ன செய்ய வேண்டும்?

முதலாளிமார்கள் கெட்டவர்கள் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வது நியாயம் அல்ல. ஆர்டர் தள்ளிப்போகிறது, கரண்ட் பில் ஏறுகிறது, பழகிய ஆள் நின்றுவிடுகிறார் என்று அவர்களுக்கும் ஆயிரம் கவலை. ஆனால் ஆள் ஏன் நிற்கிறார் என்று யோசித்தார்களா? சம்பளத்துக்காக நிற்பவரை விட, ஒரு வசவு தாங்க மாட்டாமல் நிற்பவர் பலர். அந்த வசவு முதலாளியின் காதுக்கே போவதில்லை. நடுவில் இருக்கும் மேஸ்திரியோடு அமுங்கிவிடுகிறது.

இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் 1918-ல் சென்னையில் தோன்றியது. திரு.வி.க. போன்றவர்கள் அதற்காக உழைத்தார்கள். நூறு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் "யாரிடம் போய்ச் சொல்வது?" என்று ஒரு தொழிலாளி கேட்டால் அது ஊருக்கே வெட்கம்.

ஆகவே தொழிலாளர் துறை அதிகாரிகள் மில் மில்லாக, கடை கடையாகப் போக வேண்டும். கமிட்டி இருக்கிறதா என்று நோட்டுப் புத்தகத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. அங்கே வேலை பார்க்கும் பெண்ணைத் தனியாக அழைத்து, "கமிட்டியில் யார் இருக்காங்கம்மா?" என்று கேட்க வேண்டும். அவருக்குப் பெயர் தெரியவில்லை என்றால் அங்கே கமிட்டி இல்லை என்றே அர்த்தம்!

கமிட்டி உறுப்பினர் பெயரும் போன் நம்பரும் தமிழில், பெரிய எழுத்தில், பெண்கள் சாப்பிடும் இடத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு தாள், கொஞ்சம் பசை.

அதைக்கூடச் செய்ய மாட்டோம் என்பவர்கள் 50,000 ரூபாயை எடுத்து வைக்கட்டும்.