நாம் தேடாத அக்காள்

ரொட்ரிகஸ் என்ற ராக் பாடகரின் கதையை ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ (2012) ஆவணப்படத்தில் பார்த்துக் கலங்கியவர்கள் தென்காசியிலும் உண்டு. 1970இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டை அமெரிக்கா கண்டுகொள்ளவில்லை. தென்னாப்பிரிக்கா கொண்டாடியது, ஆனால் அவர் மேடையிலேயே உயிரை விட்டார் என்று நம்பியது. கேப் டவுனில் செகர்மன் என்ற ரசிகர் விடாமல் விசாரித்தார். டெட்ராய்ட்டில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர் 1998இல் தென்னாப்பிரிக்காவில் பாடினார்.

நமக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள். செங்கோட்டை ஆவுடையக்காள். சிறு வயதிலேயே கணவனை இழந்து, திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளைக் குருவாகக் கொண்டு, அத்வைதத்தைக் கும்மியாகவும் அம்மானையாகவும் வீட்டுத் தமிழில் பாடியவள். தீட்டு என்று சொல்லி ஒதுக்கியவர்களைப் பாட்டிலேயே கேள்வி கேட்டவள். ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் நீராடி மலையேறினாள், பிறகு யாரும் பார்க்கவில்லை என்பார்கள்.

அவள் பாட்டைக் காத்தவர்கள் பெண்கள். அதிலும் தாலியறுத்து, மூலையில் உட்கார வைக்கப்பட்டவர்கள். தலைமுறை தலைமுறையாக வாய்ப்பாடமாகவே வைத்திருந்தார்கள். ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகளும் கோமதி ராஜாங்கமும் சேகரித்திராவிட்டால் அதுவும் போயிருக்கும். 2002இல் ஞானானந்த நிகேதன் தொகுப்பு வெளியிட்டது. இவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் ஊராக நாம் என்ன செய்தோம்?

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிக்கு மதுரை நாயக்கர் நிலமே கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். அந்தக் குறவஞ்சியைப் படித்தோம், ஆடினோம், பெருமைப்பட்டோம். அது தகும். கூப்பிடு தூரத்துச் செங்கோட்டைக்காரி எழுதிய வேதாந்தக் குறவஞ்சி நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். அதற்குப் பிறகான வருஷங்களுக்கு என்ன சொல்வது?

நம் பாட்டிகளும் அத்தைகளும் அடுக்களையில் முணுமுணுத்ததைக் கிழவிகளின் புலம்பல் என்று தாண்டிப் போனோம். புத்தகத்தில் சொல் நின்றுவிட்டது. எந்தச் சொல்லை இழுத்தார்கள், எங்கே மூச்சு விட்டார்கள் என்பதைப் புத்தகம் சொல்லாது. வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டர் வந்த காலத்திலும் அவர்களில் பலர் இருந்தார்கள். நாம் சினிமாப் பாட்டைப் பதிந்தோம்.

செங்கோட்டை, ஆய்க்குடி, கல்லிடைக்குறிச்சி வீடுகளில் எண்பது தாண்டிய யாருக்காவது அக்காள் பாட்டில் நாலடி நினைவிருக்கலாம். இந்தச் சாரலுக்கு அருவிக்குப் போகும்போது, அவர்கள் வாசலிலும் நின்று கேட்போம்.