இடிப்பதா? ஒட்டுப் போடுவதா? பழைய அடுக்குமாடி வீடுகளில் உயிரைக் கையில் பிடித்து வாழும் ஜனங்கள்!

திருத்தணி, முருகன் மலைக்கு 365 படிகள். ஏறினால் கால் வலிக்கும். படி இடிந்து விழுமோ என்ற பயம் கிடையாது. கீழே ஊருக்குள், பழைய அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு அந்த தைரியம் உண்டா?

முன்பு நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த திருவொற்றியூரில் நடந்ததை மறக்க முடியாது. 2021 டிசம்பர் 27-ந்தேதி, அரிவாக்குளம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட கட்டிடம் தரைமட்டம் ஆனது. விரிசலைக் கண்டு ஜனங்கள் முன்கூட்டியே வெளியே ஓடியதால் உயிர்கள் தப்பின. அது 1993-ல் கட்டியது. வயது 28தான்!

வயதா முக்கியம்?

2014-ல் மவுலிவாக்கத்தில் கட்டிக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடமே சரிந்து 61 பேரைப் பலி வாங்கியது. ஆகவே வயதைப் பார்த்து முடிவு செய்வது தப்பு. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பினால் காங்கிரீட் வெடிக்கும். ஆரம்பத்திலேயே கவனித்தால் பழுது பார்க்கலாம். தூணே கெட்டுப் போனால், மேலே சிமெண்டு பூசி என்ன பிரயோசனம்?

கணக்கு இடிக்கிறதே!

சொந்த வீட்டுக்காரர்களுக்கு வழி பிறந்திருக்கிறது. 2024-ல் அமலுக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். வாடகைக்கு இருப்பவருக்கு அதில் ஓட்டு இல்லை.

வாரிய வீடுகளில் வேறு கவலை. காலி செய்யும் குடும்பத்துக்கு 8 ஆயிரமாக இருந்த உதவித்தொகையை 24 ஆயிரம் ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் புது வீடு ஒன்றரை வருஷத்தில் முடிந்தால்கூட மாதத்துக்கு 1,333 ரூபாய்தான்! சென்னையில் அதுக்கு எவன் சார் வீடு தருவான்? அதனால்தான், "விழுந்தா விழட்டும், இங்கேயே கிடக்கிறோம்" என்கிறார்கள். "காலி பண்ணிட்டா இதே இடம் திரும்பக் கிடைக்குமா?" என்ற பயம் வேறு.

என்ன செய்யலாம்?

திருத்தணியிலும் மழைக்கு முன்பே பழைய மாடிக் கட்டிடங்களை என்ஜினீயர்கள் சோதிக்க வேண்டும். முடிவை வாசலில் ஒட்ட வேண்டும். இடிக்கத்தான் வேண்டும் என்றால், திரும்பி வரும் உரிமையை எழுத்தில் கொடுத்து, வீடு முடியும் வரை மாத வாடகையும் தரட்டும்.

அப்புறம் எந்தத் தாயும் பிள்ளைகளோடு விரிசல் சுவருக்குக் கீழே படுக்க மாட்டாள்!