பழங்கால வாகனங்கள்: பழுதுபார்ப்புக்கும் மாற்றத்துக்கும் எல்லை எது?

புதுதில்லி: ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களையும் இருசக்கர வாகனங்களையும் 'விண்டேஜ்' வாகனங்களாகப் பதிவு செய்வதற்கான விதிகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்டது. அதற்கு முன் இத்தகைய பதிவுக்கென நாடு முழுமைக்கும் பொதுவான விதி இல்லை.

புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே இவை சாலைக்கு வரலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் அனுமதியில்லை.

சிக்கல் இருப்பது தகுதி நிபந்தனையில். வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி. ஆனால் தயாரித்த நிறுவனமே மறைந்துவிட்ட பல வண்டிகளுக்கு உதிரி பாகம் கடையில் கிடைக்காது. லேத்தில் கடைந்த பாகமும் கையால் தட்டி எடுத்த தகடுமே அவற்றுக்கு உயிர். துருப்பிடித்த உடற்கூட்டின் பாதியைப் புதிதாகச் செய்தால் அது பழுதுபார்ப்பா, மாற்றமா? முடிவு, வாகனத்தை ஆய்வு செய்யும் மாநிலக் குழுவின் கையில். ஒரு மாநிலம் ஏற்பதை மற்றொன்று மறுக்கலாம்.

கோவையில் 2015-லும், மைசூரு அருகே ஸ்ரீரங்கப்பட்டணத்தையொட்டி 2023-லும் கார் அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. வண்டிகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவற்றை ஓடவைக்கும் பட்டறைத் தொழிலாளர்களுக்கோ, எந்த வேலை செல்லும், எது செல்லாது என்ற தெளிவு வேண்டும். அந்த எல்லையை அமைச்சகமே வரையறுக்காவிட்டால், நேர்மையாகச் செய்த பழுதுபார்ப்பே பதிவுக்குத் தடையாகிவிடும்.