சருகு குப்பை அல்ல

கோடை வந்ததும் பல பள்ளித் தோட்டங்களில் இரண்டு வேலைகள் நடப்பதைக் காணலாம். காலையில் செடியடிச் சருகுகளைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவார்கள். மாலையில் செடிகள் வாடுகின்றனவே என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். முதல் வேலையை நிறுத்தினால் இரண்டாவது வேலை குறையும் என்பது என் கருத்து.

ஊற்றும் நீரில் ஒரு பகுதியை வேர்கள் உறிஞ்சுகின்றன. இன்னொரு பகுதி செடிக்குப் பயன்படாமலே மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிவிடுகிறது. 1 லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. தமிழ்நாட்டில் மேகமற்ற கோடை நாளில் 1 சதுர மீட்டர் நிலத்தில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 20,000 கிலோஜூல். இது முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவானால், ஒரே நாளில் 8 லிட்டர் போய்விடும்! மண்ணையும் காற்றையும் சூடாக்குவதில் ஒரு பங்கு செலவாவதால் அவ்வளவு போவதில்லை. ஆயினும் இழப்பு சிறிதன்று.

மேல்மண் உலர்ந்த பின்னும் இழப்பு நிற்பதில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண் துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியே அடிமண்ணின் ஈரம் மேலேறுகிறது. இதுவே நுண்புழை ஏற்றம். மண்மேல் நான்கு விரற்கடை கனத்துக்குச் சருகைப் பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது. காற்று ஈரத்தை அடித்துச் செல்லாது. சருகுகளின் இடைவெளி பெரிதாகையால் ஈரம் அவற்றின் வழியே ஏறவும் இயலாது. உழவர்கள் இதனை மூடாக்கு என்பர்.

சருகு கிடந்தால் அழகு கெடும் என்பாரும் உண்டு. முற்றத்தையும் நடைபாதையையும் நன்றாகக் கூட்டுங்கள். பாத்தியில் மட்டும் விட்டுவையுங்கள். தண்டை ஒட்டாமல் சிறிது இடம் விட்டால் தண்டு அழுகாது.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டதையும் கண்டோம். மண்ணில் இறங்கிய நீரை வெயிலுக்குக் கொடுக்காமல் காப்பதும் சேகரிப்பே அல்லவா?

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு டப்பாக்களில் சம அளவு மண்ணும் நீரும் இடுங்கள். ஒன்றில் மட்டும் காய்ந்த சருகைப் பரப்பி, இரண்டையும் வெயிலில் வையுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் நிறுத்து எழுதுங்கள். குறையும் ஒவ்வொரு கிராமும் 1 மில்லிலிட்டர் நீராகும்.

பிறகு அந்தக் குறிப்பேட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். சருகு கொளுத்துவதை நிறுத்தச் சொல்ல அதைவிட நல்ல விண்ணப்பம் வேறில்லை.